கலையை ஆராய்வோன் கடன் யாது?

கூத்தாடுகிறவன் ஆடுகிறான், பாடுகிறவன் பாடுகிறான், படம் பிடிக்கிறவன் பிடிக்கிறான். மக்கள் பார்த்துக் களிக்கின்றனர். அன்றேல் முகஞ் சுளித்து எழுந்து போகின்றனர். இவ்வளவோடு காரியம் முடிந்தது. இதற்கு மேல் ஒருவர் மூலையில் உட்கார்ந்துகொண்டு, அந்த ஆட்டத்தைப் பற்றியும் பாட்டைப் பற்றியும் ஏடு ஏடாக எழுதுவதும், அதற்கெனப் பல்கலைக் கழகம் ஒன்று பட்டம் வழங்குவதும், அரசாங்கம் பொதுப் பணத்தை எடுத்துச் சம்பளம் அளப்பதும் எதற்காக? உழுகிறவன் பின்னால் ஒருவன் நடந்து உழவைப் பற்றிப் பேசிக்கொண்டே போனால் நெல் விளைந்துவிடுமா?

இவ்வாறு கேட்போர் பலர். கேள்வி முரடானது, ஆனால் மூடத்தனமானதன்று. உழைத்துச் சாப்பிடும் மக்களின் வாயிலிருந்து வருகிற கேள்வியாதலால் இதைக் கண்டு கற்றவர் நகைப்பதில் பொருளில்லை. நகைத்துவிட்டால் விடை சொன்னதாகவும் ஆகாது. இக்கேள்வியை ஆகாயத்தில் தொங்கவிட்டு வாதிப்பதை விட்டு, ஒரு நாட்டில், ஒரு நகரில், ஒரு கல்விச்சாலையில் இறக்கி வைத்துப் பார்க்க வேண்டுமென்பது நமது விருப்பம். அதற்கு ஜார்ஜியா தேசத்தை எடுத்துக்கொள்வோம். ஸ்டாலின் பிறந்த நாடு என்ற அளவில் நேயர்கள் அதை அறிந்திருப்பர். ஸ்டாலின் பிறந்த நாடாயிருந்தமையால் அங்கே கலைக்கும் கலை ஆராய்ச்சிக்கும் நேர்ந்தது யாது என்பதே இக்கட்டுரையின் பெரும்பகுதி.

கருங்கடலுக்குக் கிழக்கே, காகஸஸ் மலைத்தொடரின் தென்புறத்தே கிடக்கிறது அந்நாடு. மக்கள் தொகை நாற்பது லட்சத்தை எட்டாது. அவர்களுக்குத் தனிமொழி உண்டு. தனி எழுத்தும் உண்டு. தலைநகரான திபிலிஸியின் பெருவீதிக்கு ருஸ்தவேலி என்று பெயர். அது மத்திய காலத்துப் பெருங்கவியான ஷோதா ருஸ்தவேலியின் பெயர். அவ்வீதியிலுள்ள நாடக சாலைக்கும் அவர் பெயரே. நாடகமும் சினிமாவும் கற்பிக்கும் அரசாங்கப் பல்கலைக் கழகத்துக்கும் அவர் பெயரே. ஒரு புலவனின் பெயரை இவ்வளவு தாராளமாகச் செலவழிக்கும் தேசத்தார் கலையை விளையாட்டாக எண்ணுகிறவர் அல்லர் என்று கொள்வதில் தவறில்லை.

அப்பல்கலைக் கழகம் 1939-இல் நாடகக் கல்லூரியாகத் தோன்றியது. பெரு நடிகரான அக்காக்கி ஹொராவா அதன் முதல் தலைவர். 1970-களில் சினிமாக் கல்வியும் அங்கே சேர்ந்தது. சோவியத் ஆட்சி வீழ்ந்த பிறகு, அது பல்கலைக் கழகமாக உயர்ந்தது. நடிகரையும் டைரக்டரையும் பயிற்றுவதோடு நாடகத்தையும் சினிமாவையும் ஆராய்வோரையும் அது உருவாக்குகிறது. டாக்டர் பட்டமும் தருகிறது. அதற்கும் முன்னே தொண்ணூறு ஆண்டுக் கால மேடை வரலாறு ஒன்றுண்டு. 1850-இல் கியோர்கி எரிஸ்தாவி ஜார்ஜிய மொழியில் நாடகக் குழு ஒன்றை அமைத்தார். சில ஆண்டுகளில் அது மூடப்பட்டது. 1879-இல் நிலையான குழு மறுபடி எழுந்தது. 1922-இல் கோத்தே மர்ஜானிஷ்விலி என்னும் டைரக்டர் ரஷ்யாவிலிருந்து திரும்பி வந்து, ஸ்பானிய ஆசிரியர் லோபே தெ வேகாவின் நாடகமொன்றை ருஸ்தவேலி அரங்கில் ஏற்றினார். கொடிய தலைவனை ஓர் ஊரே கூடிக் கொன்றுவிட்டு, கொன்றவர் யார் என்று கேட்டால் ஊரின் பெயரையே சொல்லும் கதை அது. ஜார்ஜியாவின் புதிய நாடகக் காலம் அன்றிரவு தொடங்கிற்று என்று அந்நாட்டார் கூறுவர்.

கூறுவர் என்கிறோம். அன்றிரவு அரங்கில் இருந்தவர் ஒருவரும் இன்றில்லை. சிலை செய்தவன் மாண்டாலும் சிலை நிற்கும். காவியம் எழுதியவன் மாண்டாலும் ஏடு கிடக்கும். நாடகம் ஒன்றுதான் பிறந்த இடத்திலேயே, பிறந்த பொழுதிலேயே இறந்து போகிறது. நடிகன் கையைத் தூக்கினான், தாழ்த்தினான், அவ்வளவே. எழுதி வைத்த நாடக நூல் எஞ்சுமாயினும் அது நாடகமன்று. சமையற் குறிப்பை மென்று பசியாறுவார் உண்டோ? தோட்டத்துச் செக்ரோலில் பெயர் ஏறாத நாள், வெயிலிலும் மழையிலும் உழைத்த நாளேயாயினும், சம்பளத் தேதியன்று இல்லாத நாளாகிவிடுகிறது. கணக்கெழுதிப் பிழைக்கும் நமக்கு இது நன்கு தெரியும். எழுதுகிறவன் கை அசைந்தால்தான் உழைத்தவனின் நாள் உலகில் நிற்கும்; அவன் கை தவறினாலோ, வேண்டுமென்றே நின்றாலோ, நியாயம் கேட்கச் சாட்சியே இல்லாமற் போகும். ஆகவே கலையை ஆராய்வோனுடைய முதற் கடன் இதுவாகும்: நிகழ்ந்தது நிகழ்ந்தது என்று எழுதி வைத்தல். எளிய கடன் போலத் தோன்றும். எளிதன்று என்பதற்கு ஸாந்த்ரோ அஹ்மெத்தெலியின் கதையே போதும்.

அஹ்மெத்தெலி 1886-இல் பிறந்தவர். மர்ஜானிஷ்விலியோடு சேர்ந்து உழைத்துப் பின்னர் ருஸ்தவேலி அரங்கின் தலைமையை ஏற்றவர். மலைநாட்டாரின் நடையையும் ஆட்டத்தையும் பல குரல் சேர்ந்த பாட்டையும் மேடைக்குக் கொண்டுவந்து, ஐம்பது பேர் அசைந்தாலும் ஓருடல் அசைவதுபோல் ஆடச் செய்தவர். 1930-இல் அவர் குழு மாஸ்கோவுக்குச் சென்று ‘லமாரா’ முதலிய நாடகங்களை ஆடியபோது அந்நகரமே வியந்தது. அந்நாடகத்தை எழுதிய கிரிகோல் ரொபக்கிட்ஸே மறு ஆண்டே ஜெர்மனிக்குப் போய்த் திரும்பாமல் இருந்துவிட, அவர் நூல்கள் சோவியத் நாட்டில் விலக்கப்பட்டன. 1933-இல் ஷில்லரின் ‘கள்வர்’ நாடகத்தை, ‘கொடுங்கோலருக்கு எதிராக’ என்று பொருள்படும் லத்தீன் தலைப்பிட்டு அஹ்மெத்தெலி மேடையேற்றினார். நாட்டை அப்பொழுது ஆட்டிவைத்தவர் பெரியா. அந்தத் தலைப்பை எவர் எவ்வாறு படித்திருப்பர் என்பதை நாம் விளக்க வேண்டியதில்லை. 1935-இல் அஹ்மெத்தெலி பதவி நீக்கப்பட்டார், 1936-இல் பிடிபட்டார், 1937-இல் சுடப்பட்டார். அவர் குழுவின் நடிகர் சிலருக்கும் அதே கதி நேர்ந்தது.

இனி ஆண்டுகளைச் சேர்த்துப் பாருங்கள். அஹ்மெத்தெலி சுடப்பட்டது 1937. நாடகக் கல்லூரி திறக்கப்பட்டது 1939. அதன் முதல் தலைவர் ஹொராவா, அஹ்மெத்தெலியின் நாடகங்களில் நடித்துப் புகழேணி ஏறியவர். அக்கல்லூரியில் தேச நாடக வரலாற்றைக் கற்பிக்க வந்த ஆசிரியர், முந்திய பதினைந்து ஆண்டுகளை எப்படிக் கூறுவது? பெயரைச் சொன்னால் தானும் போக வேண்டியதுதான். சொல்லாமல் விட்டால், ருஸ்தவேலி அரங்கு தானாகவே ஆடிற்று என்று சொன்னதாகும். மாணவரோ எதிரே உட்கார்ந்திருக்கின்றனர். அவர்களில் சிலருடைய தந்தையரும் தமையன்மாரும் அந்நாடகங்களைக் கண்டவர்கள். சொல்லப்படாததும் எல்லோருக்கும் தெரியும். எல்லோருக்கும் தெரியும் என்பதும் எல்லோருக்கும் தெரியும். இப்படிப்பட்ட வகுப்பறையில் உண்மைக்கு என்ன பொருள்?

இவ்விடத்தில் நீதிநூல் விளக்கம் செய்வோர் இரண்டு கட்சியாகப் பிரிவர். அஞ்சி மௌனமாயிருந்தவன் பொய்யனே என்பர் ஒரு சாரார். உயிருக்கு அஞ்சியவனை உயிர்ப் பயம் அறியாதவன் குற்றஞ் சாட்டலாகாது என்பர் மற்றொரு சாரார். நமக்கு இரண்டும் அரைகுறையாகவே படுகின்றன. மௌனத்தில் தரம் உண்டு. ஒருவர் பெயரைச் சொல்லாமல் விடுவது ஒன்று. அவர் செய்த வேலையை வேறொருவர் செய்ததாக எழுதுவது முற்றிலும் வேறொன்று. முன்னது சீட்டில் வெற்றிடம். அதைப் பின்னால் வருகிறவன் நிரப்ப முடியும். பின்னது கள்ளக் கணக்கு. அதைக் கண்டுபிடிக்க வருகிறவனே இடறி விழுவான். அக்காலத்தில் புத்தகத்திலிருந்த முகங்களை மைபூசி மறைத்தார்கள், படங்களைக் கத்தரித்தார்கள் என்பது யாவரும் அறிந்தது. மைபூசிய முகம் குறைந்தபட்சம் இங்கே ஒருவர் இருந்தார் என்றாவது சொல்லும்.

அஹ்மெத்தெலியின் நாடகங்களைப் பற்றி இன்று நாம் ஏதேனும் அறிவோமாயின், அது எங்கிருந்து வந்தது? ஓவியர் இராக்லி கம்ரெக்கெலி அந்நாடகங்களுக்கு வரைந்த மேடையமைப்புச் சித்திரங்கள் எஞ்சின, நிழற்படங்கள் எஞ்சின, கண்டவரின் நினைவு எஞ்சிற்று. சித்திரம் தானாக எஞ்சாது. ஏதோ ஓர் அலமாரியில் ஒருவர் அதை எரிக்காமல் வைத்திருக்க வேண்டும். 1953-இல் ஸ்டாலின் மறைந்த பின்னரே அஹ்மெத்தெலியின் மீதிருந்த குற்றம் நீக்கப்பட்டு, அவரைப் பற்றி எழுதுவது இயல்வதாயிற்று. இன்று திபிலிஸியின் நிலத்தடி இரயிலில் ஒரு கடைசி நிலையத்துக்கே அஹ்மெத்தெலி அரங்கு என்று பெயர். வேலைக்குப் போகிறவர்களும் சந்தைக்குப் போகிறவர்களும் நாள்தோறும் அப்பெயரைக் கேட்டு ஏறி இறங்குகின்றனர். இடையே கடந்த ஆண்டுகளில் அலமாரியைப் பூட்டிச் சாவியை வைத்திருந்தவர் எவரோ, பட்டமில்லாதவராயினும், அவரே ஆராய்ச்சியாளர் என்று கூசாமல் சொல்வோம்.

ருஸ்தவேலி நாடக சாலையின் கீழறையில் இன்னொரு சாட்சியும் உண்டு. 1919-இல், ஜார்ஜியா சில காலம் சுதந்திர நாடாயிருந்தபோது, அங்கே ‘கிமெரியோனி’ என்ற பெயரில் கவிஞரும் ஓவியரும் கூடும் காப்பிக்கடை திறக்கப்பட்டது. லாதோ குதியாஷ்விலி, தவீத் ககபாட்ஸே, ரஷ்ய ஓவியர் ஸுதேய்கின் முதலியோர் அதன் சுவர்களில் ஓவியம் தீட்டினர். சோவியத் ஆட்சியில் அச்சுவர்கள் மீது வெள்ளையடித்துவிட்டார்கள். பின்னாளில் சுண்ணாம்பைச் சுரண்டிச் சுரண்டி ஓவியங்களில் ஒரு பகுதியை மீட்டனர். சுண்ணாம்பைச் சுரண்டுகிறவனுக்கு ஓவியனுடைய கையும் வேண்டும், கொத்தனுடைய பொறுமையும் வேண்டும். அதிகம் சுரண்டினால் ஓவியமே போய்விடும்.

அதிகம் சுரண்டுவது என்றோமே, அதுதான் இன்றைய கஷ்டம். அஞ்சவேண்டிய காலம் போயிற்று. ஆவணங்களைப் பார்க்கலாம் என்றாயிற்று. 1991-ஆம் ஆண்டு இறுதியிலும் 1992-ஆம் ஆண்டுத் தொடக்கத்திலும் ருஸ்தவேலி வீதியிலேயே உள்நாட்டுச் சண்டை மூண்டபோது இரகசியப் போலீஸின் ஆவணக் களரியில் பெரும்பகுதி வெந்துபோயிற்று. எஞ்சியவை ஆராய்வோருக்குத் திறக்கப்பட்டன. அவற்றைப் புரட்டும் இளைஞர் ஒருவர், தம் கல்விச்சாலையில் போற்றி வணங்கப்படும் பழைய ஆசான் ஒருவரின் கையெழுத்தை, சகக் கலைஞரைக் காட்டிக் கொடுத்த தாள் ஒன்றின் அடியில் காண்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். என்ன செய்ய வேண்டும்? ஆசானின் பேத்தி அடுத்த அறையில் பாடம் நடத்துகிறாள். நாற்பது லட்சம் பேர் இல்லாத நாட்டில் எல்லோரும் எல்லோருக்கும் உறவு. வெளியிட்டால் உயிரோடிருக்கும் குடும்பத்துக்குத் தலைகுனிவு. மறைத்தால் செத்தவனுக்கு இரண்டாவது கொலை.

இக்கேள்விக்குச் சினிமாவே முதலில் விடை கொடுத்தது. தெங்கிஸ் அபுலாட்ஸே 1984-இல் எடுத்து முடித்து, 1987-இல் மாஸ்கோ முதலிய இடங்களில் வெளியாகி, அவ்வாண்டே ஃபிரான்ஸில் கான் விழாவில் பெரும் பரிசு பெற்ற ‘மனம் வருந்துதல்’ என்ற படத்தை அறிந்தவர் அறிவர். ஊரையாண்ட கொடியவன் ஒருவன் இறந்து, சிறப்போடு புதைக்கப்படுகிறான். மறுநாட் காலையில் பிணம் மகன் வீட்டுத் தோட்டத்தில் நிற்கிறது. மறுபடி புதைக்கிறார்கள், மறுபடி வருகிறது. அவனால் தாய் தந்தையரை இழந்த பெண்ணொருத்தி தோண்டிக்கொண்டே இருக்கிறாள். அவனை மண்ணுக்குள் வைத்தால் மன்னித்ததாகும் என்பது அவள் வாதம். படத்தில் இது நியாயமாகவே தோன்றுகிறது. ஆனால் ஆராய்ச்சியாளன் அந்தப் பெண் அல்லன். அவளுக்குத் துயரம் உண்டு. துயரம் தரும் உரிமையும் உண்டு. இவனுக்குள்ளது தாள் மட்டுமே.

ஆகையால் நமது அபிப்பிராயம் இது. தாளை வெளியிட வேண்டும், தனித்து வெளியிடலாகாது. அந்தக் கையெழுத்து எந்த அறையில், எத்தனையாவது இரவில், யாரை வெளியே நிறுத்திவைத்துக்கொண்டு வாங்கப்பட்டது என்பதையும் தேடிச் சேர்த்தே வெளியிட வேண்டும். அடியுதைக்குப் பின் போட்ட ஒப்பமும், பதவிக்கு ஆசைப்பட்டுத் தானே வலிய எழுதிய கடிதமும் ஒரே பெட்டியில் கிடக்கின்றன. இரண்டையும் பிரித்தறிவதற்கு வருடக்கணக்கில் உழைக்க வேண்டும். அந்த உழைப்புக்குத்தான் சம்பளம். ஒரே நாளில் பத்திரிகையில் போட்டு ஊரைக் கூட்டுவதற்குச் சம்பளம் எதற்கு? வம்புக்கு என்றும் கூலியில்லாமலே ஆள் கிடைக்கும்.

பயம் நிறைந்த ஆண்டுகளில் அறிஞர் பலர் பழங்காலத்துக்குள் புகுந்துகொண்டனர் என்றும் சொல்லலாம். அவர்களை நாம் கோழைகள் என்று தள்ளமாட்டோம். திமித்ரி ஜனெலிட்ஸே முதலிய வரலாற்றாசிரியர், ஜார்ஜிய நாடகத்தின் வேர் அரண்மனையிலோ ஐரோப்பாவிலோ இல்லை, கிராமத்து வேடக் கூத்தில் இருக்கிறது என்று தேடிச் சென்றனர். ‘பெரிக்காஓபா’ என்றொரு கூத்து. ஆட்டுத் தோலும் முகமூடியும் அணிந்து வீடு வீடாகச் சென்று ஆடுவது. செத்தவன் பிழைத்தெழுவது போல் நடிப்பது. நிலம் விளையவேண்டும் என்பது அதன் பழைய வேண்டுதல். ‘கேயெனோபா’ என்று மற்றொன்று. நாட்டை வென்று ஆண்ட பாரசீகத் தலைவனைப் போல் ஒருவனை வேடமிட்டு ஊர்வலம் விட்டு, வரி வசூலித்து, கடைசியில் ஆற்றுத் தண்ணீரில் தள்ளிவிடுவது. படைகொண்டு வெல்ல முடியாத அரசனைச் சிரித்து வென்றார்கள். கொடுங்கோலனைத் தண்ணீரில் தள்ளும் கூத்தைப் பற்றிக் கொடுங்கோலன் காலத்தில் ஒருவர் அமைதியாகக் குறிப்பெடுக்கிறார் என்றால் அதில் நகைச்சுவை இல்லாமற் போகுமா?

அந்தக் குறிப்பும் வீணாகவில்லை. 1975-இல் ராபர்ட் ஸ்துருவா, ஜார்ஜியாவையே களமாகக் கொண்ட பிரெக்டின் ‘காகஸஸ் வெண்கட்டி வட்டம்’ நாடகத்தை ருஸ்தவேலி அரங்கில் ஏற்றியபோது, அந்த முகமூடிக் கூத்தின் நையாண்டி மேடையில் மீண்டும் துள்ளிற்று என்று பார்த்தவர் கூறினர். கியா கஞ்செலி இசையமைக்க, ராமாஸ் ச்ஹிக்வாட்ஸே குடிகார நீதிபதி அஸ்தாக்காக நடித்தார். 1979-இல் அதே கூட்டத்தார் ‘மூன்றாம் ரிச்சர்டு’ ஆடினர். எடின்பரோவிலும் லண்டனிலும் ஆடி ஆங்கிலேயருக்கு அவர்களுடைய ஷேக்ஸ்பியரையே புதிதாகக் காட்டினர். மொழி புரியாத சபை எழுந்து நின்று கைதட்டிற்று. உழுகிறவன் பின்னால் நடந்து பேசினவன் பேச்சு இப்படியும் ஒரு பருவத்தில் விதையாவதுண்டு. எந்தப் பருவத்தில் என்று முன்கூட்டிச் சொல்லிச் சம்பளம் கேட்கத்தான் அவனால் முடியாது.

மொழியைப் பற்றி ஒரு வார்த்தை. சோவியத் ஆட்சியில், 1970-களின் நடுவில், பட்டத்துக்கு எழுதும் ஆராய்ச்சி நூல்கள் ரஷ்ய மொழியில் அமையவேண்டும் என்று மாஸ்கோ கட்டளையிட்டது. ஜார்ஜிய எழுத்தாளர் இதை வெளிப்படையாகவே எதிர்த்தனர். 1978 ஏப்ரல் 14-ஆம் நாள், அரசியற் சட்டத்திலிருந்து ஜார்ஜிய மொழியின் அரசாங்கத் தகுதியை எடுத்துவிட முயன்றபோது திபிலிஸி வீதியில் மாணவர் திரண்டனர்; ஆட்சி பின்வாங்கிற்று. துப்பாக்கி வெடிக்காமலே அடைந்த வெற்றி அது. இன்றோ கட்டளை போடுவார் இல்லை. ஆனால் உலகப் பட்டியலில் ஏறிய ஏடுகளில் வெளியானால்தான் கட்டுரைக்கு மதிப்பு என்கிறார்கள். அவ்வேடுகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் உள்ளன. இரண்டும் ஒன்றென்று நாம் கூறவில்லை. கட்டளைக்கு அஞ்சி எழுதுவதற்கும், பலர் படிக்கவேண்டும் என்று விரும்பி எழுதுவதற்கும் வேற்றுமையுண்டு. ஆயினும், தங்கள் பாட்டி ஆடிய கூத்தைப் பற்றித் தங்கள் பாட்டி படிக்க முடியாத மொழியில் எழுதினால்தான் பதவி உயர்வு என்னும் நிலை, எந்த நாட்டில் இருந்தாலும், யோசிக்கத் தக்கதே. இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் படித்து, இங்கிலீஷில் கணக்கெழுதிவிட்டுத் தமிழில் மூச்சுவிடும் நம் போன்றவருக்கு இதன் ருசி தெரியாததன்று. பேராசிரியர் இரு மொழியிலும் எழுதட்டும். ஆனால் முதற் படி யாருக்கு என்பதை மறவாதிருக்கட்டும்.

எண்ணிக்கைக்கு வருவோம். 2005-இல் ஜார்ஜியா ஐரோப்பியக் கல்வி ஒப்பந்தத்தில் சேர்ந்தது. பழைய ரஷ்ய முறைப் பட்டங்கள் போய், மூன்று படிக் கல்வியும் டாக்டர் பட்டமும் வந்தன. நாடகக் கல்விச்சாலையும் மற்றைப் பல்கலைக் கழகங்களைப் போல ஆராய்ச்சி செய்து காட்டவேண்டியதாயிற்று. அதிலிருந்து பிறந்த வழக்கு இது: ஒரு டைரக்டர் ஒரு நாடகத்தை மேடையேற்றுகிறார், அதுவே ஆராய்ச்சியாகுமா?

இத்தாலியில் ஃபிராஸ்காத்தி என்னும் ஊரில் 1963-இல் கூடிய நிபுணர்கள் ஆராய்ச்சியை அளக்கும் கைந்நூல் ஒன்றை வகுத்தார்கள்; பல நாட்டு அரசாங்கங்கள் அதைப் பின்பற்றுகின்றன. அதன் 2015-ஆம் ஆண்டுப் பதிப்பு ஐந்து சோதனைகளைச் சொல்கிறது. புதிதாயிருக்க வேண்டும், படைப்பு மனம் வேண்டும், முடிவு முன்பே தெரிந்திருக்கலாகாது, முறைப்படி நடந்திருக்க வேண்டும், மற்றவர் எடுத்துப் பயன்படுத்தக் கூடியதாயிருக்க வேண்டும். இந்த அளவுகோலால் கலையைப் பற்றிய ஆராய்ச்சியை ஏற்று, கலை நிகழ்ச்சியை ஆராய்ச்சியென ஏற்காமல் தள்ளுகிறது அந்நூல். ஐரோப்பாவின் கலைக் கல்விச்சாலைச் சங்கங்கள் 2020-இல் வியன்னாப் பிரகடனம் என்று ஒன்றை வெளியிட்டு, கலைஞன் தன் கலையைக் கொண்டே செய்யும் ஆராய்ச்சியும் ஆராய்ச்சியே என்று மறுத்துக் கூறின.

இவ்வழக்கில் நாம் இரு கட்சிக்கும் முழு ஆதரவு தரமாட்டோம். நல்ல நாடகம் நல்ல நாடகமாகவே இருக்கட்டும். அதற்கு ஆராய்ச்சி என்று வேறு பட்டுக் குஞ்சம் கட்டவேண்டியதில்லை. ஆனால் ஒரு டைரக்டர் ஒத்திகையில் தாம் கேட்ட கேள்வி இது, முயன்று தோற்ற வழிகள் இவை, தேறியது இன்ன காரணத்தால் என்று எழுதிவைத்து, வேறொருவர் அதைக்கொண்டு மேலே செல்ல முடியுமானால், ஃபிராஸ்காத்தி என்ன சொன்னாலும் அது ஆராய்ச்சிதான். இதற்கு வெளியூர் உதாரணம் தேட வேண்டியதில்லை. மிஹெய்ல் துமானிஷ்விலி திபிலிஸிக் கல்விச்சாலையில் பல பத்தாண்டு கற்பித்தவர். ஸ்துருவாவும் தெமூர் ச்ஹெய்ட்ஸேயும் அவர் மாணவர். ருஸ்தவேலி அரங்கை விட்டு விலகிய பின், 1978-இல் சினிமா நடிகர் அரங்கு என்று தனியாக ஒன்றைத் தொடங்கினார். ஒத்திகைகளைக் குறித்துவைத்து, டைரக்டரின் வேலை எப்படி நடக்கிறது என்று நூலாகவும் எழுதினார். அதற்கு எந்தப் பட்டியலும் மதிப்பெண் போட்டிராது.

மதிப்பெண் என்பது எப்படிப்பட்டது என்று இரப்பர்த் தோட்டத்தாருக்கு விளக்க வேண்டியதில்லை. பாலை நிறுத்துப் பார்ப்பதோடு கணக்கு முடிந்துவிட்டால், வாளியில் தண்ணீர் ஊற்றுகிறவன்தான் நல்ல தொழிலாளி ஆவான். அதனால்தான் நிறுத்த பின் மெட்ரோலாக்கை விட்டும் பார்க்கிறார்கள். ஆண்டுக்கு இத்தனை கட்டுரை என்று எண்ணுகிற மேலதிகாரிகள் எண்ணுவதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். விளைவு தெரிந்ததே. ஒரு கட்டுரையை மூன்றாக நீட்டுவது அங்கும் உண்டு, எங்கும் உண்டு. அஹ்மெத்தெலியைப் பற்றி ஒருவர் பத்தாண்டு தேடி ஒரே நூல் எழுதினால் ஒன்பது ஆண்டும் அவர் சோம்பியிருந்ததாகக் கணக்கில் விழும்.

சோற்றுக் கேள்வி இன்னும் நிற்கிறது. 1990-களில் திபிலிஸியில் மின்சாரமில்லை, கணப்பில்லை. குளிர்காலத்தில் மக்கள் ரொட்டிக்கு இரவெல்லாம் வரிசையில் நின்றனர். அந்த நாட்டில், அந்த நாட்களில், நாடக வரலாறு எழுத ஒருவருக்கு ஏன் காசு? நேர்மையாகச் சொன்னால், பட்டினி கிடப்பவன் முன்னே நின்று இதற்கு வாதாட நமக்கு நாக்கு எழாது. ஆனால் ரொட்டி கிடைத்த பிறகும், நாம் யார், நமக்கு என்ன நேர்ந்தது, நம்மில் யாரை யார் கொன்றார் என்று கேட்கிற பிள்ளைகள் வளர்வார்கள். அன்று விடைசொல்ல ஆளில்லையென்றால், ஆள்கிறவன் சொல்வதே வரலாறாகும். அவன் ரொட்டியும் கொடுத்துக்கொண்டே சொல்லுவான்.

நூத்ஸா கொகொபெரிட்ஸே என்னும் பெண்மணியைப் பற்றி இங்கே கூறவேண்டும். ஜார்ஜியாவின் முதற் பெண் டைரக்டர் அவர். 1930-இல் மலைநாட்டு வாழ்க்கையைக் காட்டும் ‘பூபா’ என்ற படத்தையும், 1934-இல் ‘உஷ்மூரி’ என்ற கதைப் படத்தையும் எடுத்தார். இரண்டும் விலக்கப்பட்டன. கணவர் லெவான் கட்சித் தலைவராயிருந்தவர், 1937-இல் சுடப்பட்டார். நூத்ஸா பத்தாண்டு சிறை முகாமில் கழித்தார். திரும்பி வந்த பின் அவர் மறுபடி படம் எடுக்கவில்லை. 1966-இல் இறந்தார். மகள் லானா 1928-இல் பிறந்தவர், அவரும் டைரக்டரானார். 1978-இல் எடுத்த ‘சொந்த விஷயங்கள் பற்றிச் சில பேட்டிகள்’ என்ற படத்தில், முகாமிலிருந்து திரும்பும் தாயை மகள் சந்திக்கும் நினைவை வைத்தார். ஆனால் தாய் எடுத்த படங்களை மகள் பார்த்ததில்லை. படங்கள் தொலைந்தன என்றே எல்லோரும் நினைத்திருந்தனர்.

சோவியத் காலத்தில் ஜார்ஜியப் படங்களின் மூலச் சுருள்கள் மாஸ்கோவுக்குச் சென்று சேர்ந்தன. 2010-க்குப் பிந்திய ஆண்டுகளில், ரஷ்யப் படக் களரியில் தேடியவர் கையில் ‘பூபா’ அகப்பட்டது. சில ஆண்டுகள் கழித்து ‘உஷ்மூரி’யும் அகப்பட்டது. பட்டியலைப் புரட்டி, பெயர் எழுத்துக்களை ஒப்பிட்டு, தகரப் பெட்டிகளைத் திறந்து பார்க்கிற வேலை அது. கைதட்டுவார் இல்லாத வேலை. எண்பது வயதைக் கடந்த மகள் இருட்டறையில் உட்கார்ந்து, தான் குழந்தையாயிருந்தபோது தன் தாய் எடுத்த படத்தை முதன்முறையாகப் பார்த்தார். பின்னர் அதை வைத்தே தாயையும் மகளையும் பற்றி ஒரு படமும் எடுத்து, 2023-இல் வெளியிட்டார். அப்பொழுது அவருக்கு வயது தொண்ணூற்றைந்து.